ஆண்டுக்கு இரட்டிப்பாகும் நிறுவனத்தில் வேலை

ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஆள் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலையை விட்டு யாருமே போகவில்லை என்றாலும், எந்த நாளில் எண்ணிப் பார்த்தாலும் அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. ஒரு வருடம் முடித்தவர் நிறுவனத்தின் மூத்த பாதியில் இருப்பார். இரண்டு வருடம் முடித்தவர் மூத்த கால்வாசியில் இருப்பார். மூன்று வருடம் தாக்குப்பிடித்தவர் எட்டில் ஒருவராகிவிடுவதால், 'ஆரம்பத்திலிருந்தே இருக்கிறவர்' என்று புதியவர்களிடம் அவரை மரியாதையோடு அறிமுகம் செய்துவைப்பார்கள். அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்ட நிறுவனத்தில் வேலை எப்படி இருக்கும் என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். சுதந்திரம், வேகம், கற்றுக்கொள்ளும் வாய்ப்பு என்பார்கள் சிலர்; தூக்கமின்மை, குழப்பம், நாளுக்கொரு முடிவு என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே உண்மைதான், பல நேரம் ஒரே ஆள் ஒரே வாரத்தில் இரண்டையும் சொல்வார். ஆனால் காரணம் சொல்லத் தொடங்கியதும் எல்லோரும் மனிதர்களின் குணத்துக்குப் போய்விடுகிறார்கள்: நிறுவனர் முன்போல் இல்லை, மேலாளருக்கு வேலை தெரியவில்லை, புதிதாக வந்தவர்களுக்கு அக்கறை இல்லை, பழைய ஆட்களுக்குக் கர்வம். இந்த மனக்குறைகளில் பெரும்பகுதிக்குக் குணத்தைவிட எண்ணிக்கைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். பெயர்ப் பலகை அப்படியே இருக்க, அதன் பின்னால் இருக்கும் அமைப்பு வருடத்துக்கு ஒரு முறை வேறொன்றாக ஆகிவிடுகிறது. அங்கே இருப்பவர், இருந்த இடத்தைவிட்டு நகராமலேயே நிறுவனம் மாறிக்கொண்டிருப்பவர்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பயனர்கள் பெருகுவது ஒரு வளர்ச்சி. ஊழியர்கள் பெருகுவது இன்னொரு வளர்ச்சி. இரண்டும் சேர்ந்தே வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2012 ஏப்ரலில் ஃபேஸ்புக் நிறுவனம் இன்ஸ்டாகிராமை வாங்க ஒப்புக்கொண்டபோது அங்கே 13 பேர் வேலை பார்த்தார்கள். பயனர்கள் சுமார் 3 கோடி. 2014 பிப்ரவரியில் வாட்ஸ்ஆப்பை வாங்குவதாக அறிவித்தபோது பயனர்கள் 45 கோடி, ஊழியர்கள் ஐம்பத்தைந்து. அந்த நிறுவனங்களில் வேலை பளு கடுமையாக இருந்திருக்கும், ஆனால் ஒருவரையொருவர் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பெரும்பாலான நிறுவனங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விற்பனைக்கு ஆள், வாடிக்கையாளர் சேவைக்கு ஆள், சட்டம் பார்க்க ஆள், ஒவ்வொரு நாட்டின் வரியையும் புரிந்துகொள்ள ஆள் என்று தேவைகள் கூடிக்கொண்டே போகும். முதலீடு செய்தவர்களும் பணம் வங்கியில் தூங்குவதை விரும்புவதில்லை. அதனால் ஆட்கள் பெருகுகிறார்கள், இக்கட்டுரை பேசும் சிக்கல்களும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

ஐந்து பேர் இருக்கும் இடத்தில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளக்கூடிய இணைகள் 10. பத்துப் பேர் என்றால் 45. ஐம்பது பேர் என்றால் 1,225. நூறு பேர் என்றால் 4,950. ஆட்கள் இருமடங்காகும்போது பேச்சுவழிகள் ஏறத்தாழ நான்கு மடங்காகின்றன. ஐபிஎம் நிறுவனத்தில் 1960-களில் சிஸ்டம்/360 கணினிகளுக்கான இயங்குதளத்தை உருவாக்கும் பெரும்பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், இந்தக் கணக்கை முன்வைத்துத்தான், தாமதமாகிவிட்ட ஒரு மென்பொருள் பணியில் கூடுதலாக ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-இல் எழுதினார். புதியவர் வேலையைக் கற்றுக்கொள்ள நாள் பிடிக்கிறது; அவருக்குக் கற்றுக்கொடுப்பவர், தாமதத்தைக் குறைக்க வேண்டிய அதே பழைய ஆள். அரை நூற்றாண்டு ஆகியும் இந்தக் கூற்றை அறியாத மென்பொருள் மேலாளர் அரிது. இதற்கு மாறாக நடந்துகொள்ளாதவர் அதைவிட அரிது.

ஊழியரின் அன்றாடத்தில் இந்தக் கணக்கு கூட்டங்களாக வந்து நிற்கிறது. பத்துப் பேராக இருந்தபோது ஒரு முடிவை எடுக்க நாற்காலியைத் திருப்பினால் போதும். நூறு பேர் ஆனதும் அதே முடிவுக்கு யார் யாரைக் கேட்க வேண்டும் என்பதையே முதலில் விசாரிக்க வேண்டியிருக்கிறது. கேட்காமல் செய்தால் வேறொரு குழுவின் வேலை உடைகிறது. எல்லோரையும் கேட்டால் வாரம் போய்விடுகிறது. 'இங்கே யாரும் வேலை செய்வதில்லை, மீட்டிங் மட்டும்தான்' என்று அலுத்துக்கொள்பவரும், 'என்னிடம் சொல்லாமலே மாற்றிவிட்டார்கள்' என்று கோபப்படுபவரும் பெரும்பாலும் ஒரே ஆள். இரண்டில் ஒன்றைத்தான் அவரால் ஒழிக்க முடியும்.

ஆள் சேர்ப்பதே ஒரு முழுநேர வேலை என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஐம்பது பொறியாளர்கள் இருக்கும் பிரிவு ஒரே ஆண்டில் நூறாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நேர்காணலுக்கு வரும் ஐவரில் ஒருவர் தேறுகிறார், ஒவ்வொருவருக்கும் நான்கு சுற்று என்றால் மொத்தம் ஆயிரம் நேர்காணல்கள். தயாரிப்பு, உரையாடல், பிறகு உட்கார்ந்து எழுத வேண்டிய மதிப்பீடு எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் வைத்தால் 2,000 மணி நேரம், அதாவது ஒருவரின் முழு ஆண்டு உழைப்பு. இந்தச் சுமை சமமாகவும் பங்கிடப்படுவதில்லை. நன்றாக நேர்காணல் செய்யத் தெரிந்தவர்கள் என்று பெயரெடுத்த ஏழெட்டுப் பேரின் தலையில்தான் விழும். அவர்களே கடினமான கோடையும், அதாவது மென்பொருளின் நிரலையும், எழுதக்கூடியவர்களாக இருப்பார்கள்.

அப்படிப்பட்ட ஒருவரின் சாதாரணக் காலைப் பொழுது இது. குழுவின் தினசரிக் குறுங்கூட்டமான ஸ்டாண்ட்-அப் முடிந்த கையோடு ஒரு நேர்காணல். அதன் மதிப்பீட்டை எழுதிக்கொண்டிருக்கும்போது, மூன்று நாள் முன்பு சேர்ந்தவர் தன் கணினியில் கோட் ஓடவே மாட்டேன் என்கிறது என்று செய்தி அனுப்புகிறார். திரையைப் பகிரச் சொல்லிப் பார்த்தால், புதியவர்களுக்கான வழிகாட்டிப் பக்கத்தில் சொல்லியிருக்கும் சர்வர் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கிறது. அந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டியவர் இவரேதான். போன வாரம் சேர்ந்தவருக்கும் இதையே வாய்வழியாகச் சொல்லி அனுப்பினார். இப்போதாவது திருத்தலாம் என்று பக்கத்தைத் திறக்கும்போது அடுத்த கூட்டத்துக்கான மணி அடிக்கிறது. மதியத்துக்குள் அவர் ஒரு வரி கோட் எழுதவில்லை. ஆனால் சும்மா இருந்த நிமிடம் என்று ஒன்றும் கிடையாது. அவருடைய அப்ரைசலில் 'இந்த அரையாண்டில் எழுதி முடித்தவை' என்ற கட்டத்தை நிரப்பும்போது இந்தக் காலை எங்கேயும் வராது. நேர்காணலையும் கற்றுக்கொடுப்பதையும் வேலையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளாத இடங்களில் அவற்றைச் செய்பவர்கள் ஓரிரு ஆண்டுகளில் கசந்து போகிறார்கள்.

இதைவிட ஆழமாகத் தைக்கும் விஷயம் ஒன்று உண்டு: தான் செய்த வேலையைத் துண்டு துண்டாகப் பிறரிடம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பது. ஆரம்பத்தில் வாடிக்கையாளர்களுக்கு பில் போடும் பகுதியை ஒருவர் தனியாளாக எழுதியிருப்பார். அதில் வரும் ஒவ்வொரு விநோதமான நிபந்தனைக்கும் அவருக்குக் காரணம் தெரியும்: இந்த வரி அந்தப் பெரிய வாடிக்கையாளருக்குக் கொடுத்த தள்ளுபடிக்காக, அந்த வரி மாதக் கடைசியில் நேர மண்டலத்தால் வரும் குழப்பத்துக்காக. நிறுவனம் வளர்ந்ததும் பில்லிங்குக்கென்று ஆறு பேர் கொண்ட தனிக் குழு அமைகிறது. அவர்கள் கெட்டிக்காரர்கள். பழைய கோடைப் படித்துவிட்டு, காரணம் புரியாத அந்த நிபந்தனையைத் தேவையற்றது என்று நீக்குகிறார்கள். அடுத்த மாதம் அந்த வாடிக்கையாளர் தவறான தொகையோடு வந்த பில்லைத் திருப்பி அனுப்புகிறார். இங்கே யார்மீதும் குற்றம் சொல்வதற்கில்லை. எழுதியவர் காரணத்தை எங்கேயும் குறித்துவைக்கவில்லை, ஏனென்றால் அன்று அதைப் படிக்க வேறு யாரும் இல்லை. நீக்கியவர்கள் யாரையும் கேட்கவில்லை, ஏனென்றால் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

கொடுக்கும் கையில் எழும் உணர்ச்சிகளை யாரும் வெளியே பேசுவதில்லை. தலைக்கு மேல் வேலை இருக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தவரிடமே, ஒரு பகுதியை இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டால் முகம் மாறும். தன் முக்கியத்துவம் குறைகிறது என்ற அச்சம். தன்னைப்போல் கவனமாகச் செய்ய மாட்டார்கள் என்ற சந்தேகம். பல நேரம் அந்தச் சந்தேகம் முதல் சில மாதங்களுக்கு உண்மையாகவும் ஆகிவிடும். ஆனாலும் கொடுக்காமல் பிடித்துவைத்துக்கொள்பவரே கடைசியில் முட்டுக்கட்டையாகிறார். அவர் விடுப்பில் போனால் ஒரு ரிலீஸ் நிற்கும். அதைத் தன் பெருமையாக அவர் எடுத்துக்கொள்ளும் நாளிலிருந்து அவருக்கும் நிறுவனத்துக்கும் நடுவே விரிசல் விழத் தொடங்குகிறது. வேகமாக வளரும் இடங்களில் நிலைத்திருப்பவர்களைப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் பாதி வேலையைக் கொடுத்துவிட்டு, தனக்குப் பாதிகூடத் தெரியாத வேறொரு வேலையை எடுத்துக்கொள்ளக் கூசாதவர்களாகவே இருக்கிறார்கள். இது எல்லோருக்கும் வாய்க்கிற குணமல்ல. இல்லாததை ஒரு குறையாகவும் நான் கருதவில்லை. ஒரே பொருளைப் பத்து வருடம் செதுக்க விரும்புகிறவருக்கு மெதுவாக வளரும் நிறுவனம்தான் ஏற்ற இடம்.

மேலாளர்கள் வருவது இந்தக் கதையின் இன்னொரு கிளை. சிறிய நிறுவனங்களில் 'எங்களுக்கு மேலாளரே கிடையாது' என்று பெருமையாகச் சொல்வார்கள். கூகுள் நிறுவனமும் 2000-களின் தொடக்கத்தில், பொறியாளர்களுக்கு மேலே மேலாளர்களே வேண்டாம் என்று சோதித்துப் பார்த்தது. செலவுக் கணக்குக்கு ஒப்புதல், இரண்டு பேருக்கு இடையே மனத்தாங்கல் போன்ற சில்லறை விவகாரங்களெல்லாம் நேராக நிறுவனர் லாரி பேஜிடமே போய் நின்றதால் சில மாதங்களில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. பிறகு அதே நிறுவனம், மேலாளர்களால் உண்மையில் பயன் உண்டா என்று தன் சொந்தத் தரவுகளை வைத்து 2009-இல் ஓர் ஆய்வையும் நடத்தியது. நல்ல மேலாளரின் கீழ் இருப்பவர்கள் நிறைவோடு இருக்கிறார்கள், வேலையை விட்டுப் போவதும் குறைவு என்றுதான் விடை வந்தது.

சிக்கல் என்னவென்றால், இரட்டிப்பாகும் நிறுவனத்துக்கு மேலாளர்களும் இரட்டிப்பாக வேண்டும். அவர்கள் இரண்டே வழியில்தான் வர முடியும். ஒன்று, நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து கோட் எழுதிய நண்பர், எந்தப் பயிற்சியும் இல்லாமல் திங்கட்கிழமை மேலாளராகிறார். வெள்ளிக்கிழமை வரை தோளில் கை போட்டுப் பேசியவர்களுக்கு அவர் இப்போது சம்பள உயர்வை முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று, பெரிய நிறுவனத்திலிருந்து அனுபவசாலி ஒருவர் வருகிறார். வந்த இரண்டாவது வாரமே முந்தைய இடத்தில் செய்ததை இங்கேயும் செய்யலாம் என்கிறார், பழைய ஆட்கள் கண்ணைச் சுழற்றுகிறார்கள். அவர் சொல்வதில் பாதி சரியாக இருக்கும். எந்தப் பாதி என்று தெரிய ஆறு மாதம் ஆகும். அதற்குள் ஒரு ரீ-ஆர்க் வந்து குழுக்களைக் கலைத்து அடுக்கியிருக்கும். ஒரே ஆண்டில் மூன்று மேலாளர்களிடம் வேலை பார்ப்பது இந்நிறுவனங்களில் வியப்புக்குரிய செய்தியே அல்ல. அப்ரைசல் எழுதும் நேரத்தில், கடந்த ஆண்டு என்ன செய்தோம் என்பதை நேரில் பார்த்த மேலாளர் ஒருவர்கூட மிச்சமில்லை என்பதுதான் அதன் நடைமுறை விளைவு. அதனால் தான் செய்தவற்றைத் தானே தேதியோடு குறித்துவைக்கும் பழக்கம் இங்கே அடக்கமின்மை ஆகாது.

கோடுக்கும் இதே கதிதான். மெல்வின் கான்வே என்ற கணினியாளர் 1968-இல் வெளியான கட்டுரையில், ஒரு நிறுவனம் வடிவமைக்கும் எந்த அமைப்பும் அந்த நிறுவனத்தின் தகவல் தொடர்பு அமைப்பையே பிரதியெடுத்திருக்கும் என்றார். குழுக்கள் அடிக்கடி கலைந்து சேரும் இடத்தில், கலைந்துபோன பழைய குழுக்களின் எல்லைகள் கோடில் அப்படியே நின்றுபோகின்றன. ஏன் இந்த இரண்டு பகுதிகளும் இவ்வளவு சுற்றி வளைத்துப் பேசிக்கொள்கின்றன என்று புதியவர் கேட்டால், ஒரு காலத்தில் அவற்றை எழுதிய இரண்டு குழுக்களும் வெவ்வேறு மேலாளர்களின் கீழ் இருந்தன என்பதே உண்மையான விடையாக இருக்கும். உபர் நிறுவனத்தில் 2020 வாக்கில் சுமார் 2,200 முக்கியமான மைக்ரோசர்வீஸ்கள், அதாவது தனித்தனியாக இயங்கும் சிறு நிரல்கள், இருந்ததாக அதன் பொறியாளர்களே எழுதினார்கள்; தனித்தனிக் குழுக்கள் ஒன்றுக்கொன்று காத்திராமல் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகப் பிரித்துப் பிரித்துக் கட்டியது, பிறகு ஒரு சிறு மாற்றத்துக்குப் பல குழுக்களிடம் போய் நிற்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தது.

அவசரத்தில் எழுதிய கோடை வார்ட் கன்னிங்ஹாம் என்ற நிரலாளர் 1992-இல், பின்னால் வட்டியோடு அடைக்க வேண்டிய கடனோடு ஒப்பிட்டார்; 'தொழில்நுட்பக் கடன்' என்ற சொல் இன்று எல்லா நிறுவனங்களிலும் புழங்குகிறது. ஆனால் என் பார்வையில் வளரும் நிறுவனத்தை உண்மையில் வீழ்த்துவது மோசமான கோடைவிட, யாருடைய பொறுப்பிலும் இல்லாத வேலைதான். இதற்கு மிகத் துலக்கமான பொதுச் சான்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது. தரவுத்தளத்தின் முதன்மை சர்வரைத் தொடர்ந்து நகலெடுக்கும் பிரதி சர்வர் பின்தங்கிவிட்டதைச் சரிசெய்ய ஒரு பொறியாளர் இரவு வெகுநேரம் போராடிக்கொண்டிருந்தார். பிரதி சர்வரில் இருந்த தரவுக் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம் என்று கட்டளை கொடுத்தார். அது போனது முதன்மை சர்வருக்கு. ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியபோது, சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபி மிஞ்சியிருந்தது.

தவறான சர்வரில் கட்டளை கொடுப்பது யாருக்கும் நேரக்கூடியது. அதற்குப் பிறகு தெரியவந்ததுதான் பாடம். தினசரி பேக்கப் எடுக்கும் நிரல், தரவுத்தளத்தின் பதிப்பும் தன் பதிப்பும் ஒத்துப்போகாததால் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதை அறிவிக்கும் மின்னஞ்சல்களை அஞ்சல் சர்வர் ஏற்காமல் திருப்பியிருந்தது. மேகக் கணினி நிறுவனம் தரும் வட்டுப் பிரதி வசதி தரவுத்தள சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை. கடைசியில் கைகொடுத்தது, வேறொரு சோதனைக்காக அன்று ஆறு மணி நேரம் முன்பு அதே பொறியாளர் தற்செயலாகக் கையால் எடுத்துவைத்த ஒரு பிரதி. அந்த ஆறு மணி நேரத் தரவு திரும்பக் கிடைக்கவில்லை; சேவையும் மணிக்கணக்கில் முடங்கியது. நிறுவனம் மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது, நடந்த அனைத்தையும் அறிக்கையாக வெளியிட்டது. பேக்கப் சரியாக வேலை செய்கிறதா என்று ஏன் யாரும் சோதிக்கவில்லை என்ற கேள்விக்கு அந்த அறிக்கை தந்த விடை: அதற்குப் பொறுப்பாளர் என்று யாரும் இல்லை. பத்துப் பேர் இருக்கும்போது இப்படிப்பட்ட வேலையை யாரோ ஒருவர் தானாகவே கவனித்துக்கொள்வார். நூறு பேர் ஆகும்போது, வேறு யாரோ கவனித்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நியாயமாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்படிப்பட்ட இரவுகளில் விழித்திருப்பவர்கள் ஆன்-கால் முறையில் இருப்பவர்கள். வாரம் ஒருவர் என்று முறை வைத்து, பயனர்கள் பயன்படுத்தும் அமைப்பான புரொடக்‌ஷனில் ஏதாவது உடைந்தால் எந்த நேரமானாலும் எழுந்து பார்ப்பது. ஆறேழு பேர் கொண்ட குழுவில் இது தாங்கக்கூடியது. மூன்று பேர் இருக்கும் குழுவில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை தூக்கம் பறிபோகும். வளரும் நிறுவனங்களில் பயனர்கள் பெருகும் வேகத்துக்கு ஆன்-கால் பட்டியல் பெருகுவதில்லை, ஏனென்றால் புதியவரை அந்தப் பட்டியலில் சேர்க்க அவருக்கு முதலில் அமைப்பு புரிய வேண்டும். ஆகவே பழைய ஆட்களே விழிக்கிறார்கள். ஜூம் நிறுவனத்தின் தினசரி பங்கேற்பாளர்கள் 2019 டிசம்பரில் 1 கோடியாக இருந்து 2020 மார்ச்சில் 20 கோடியானபோது, அந்த நிறுவனம் புதிய வசதிகள் எதையும் செய்யாமல் 90 நாட்களுக்கு எல்லாப் பொறியாளர்களையும் பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்வதில் திருப்பிவிட்டது. இவ்வளவு பகிரங்கமாக வேகத்தைக் குறைக்க எல்லா நிறுவனங்களுக்கும் துணிவு வருவதில்லை.

இத்தனைக்கும் பிறகு ஏன் இருக்கிறார்கள் என்றால், பணமும் ஒரு காரணம். வளரும் நிறுவனங்கள் சம்பளத்தோடு ஸ்டாக் ஆப்ஷன் கொடுக்கின்றன. பரவலான ஏற்பாடு இது: நான்கு ஆண்டுகளில் முழுவதும் சேரும்; முதல் ஆண்டு முடிவதற்குள் விலகினால் ஒன்றும் இல்லை, முடித்த நாளில் கால்வாசி, பிறகு மாதாமாதம் சிறிது சிறிதாக. ஆப்ஷன் என்பது பங்கு அல்ல, குறித்த விலையில் பங்கை வாங்கும் உரிமை மட்டுமே. வேலையை விட்டுப் போகும்போது பல நிறுவனங்களில் 90 நாட்களுக்குள் சொந்தப் பணத்தைப் போட்டு வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் உரிமை காலாவதியாகும். நிறுவனம் இன்னும் பங்குச் சந்தைக்கு வராத நிலையில், விற்க முடியாத பங்குக்காகச் சேமிப்பைக் கரைப்பதா, மூன்று நான்கு ஆண்டு உழைப்பின் ஒரு பகுதியை விட்டுவிட்டுப் போவதா என்ற இக்கட்டில் பலர் வேண்டா வெறுப்பாக அங்கேயே தொடர்கிறார்கள். நிறுவனம் விற்கப்பட்டால் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை பெரும்பாலும் முதலீட்டாளர்களுக்கு இருக்கும் என்பதையும் ஊழியர்கள் தாமதமாகவே அறிகிறார்கள்: 100 கோடி முதலீடு வாங்கிய நிறுவனம் 90 கோடிக்கு விற்கப்பட்டால், ஊழியரின் பங்குக்கு ஒன்றுமே மிஞ்சாமல் போகலாம். ஆகவே ஆஃபர் கடிதத்தில் எத்தனை ஆப்ஷன் என்ற எண் மட்டும் இருந்தால் அதற்குப் பொருளே இல்லை. மொத்தப் பங்குகள் எத்தனை, வாங்கும் விலை என்ன, முன்னுரிமை எவ்வளவு என்பவை சேர்ந்தால்தான் அது ஒரு கணக்கு.

பதவி உயர்வும் வளர்ச்சியைச் சார்ந்ததே. ஆட்கள் இரட்டிப்பாகும்வரை மேலே இடங்கள் தானாகத் திறந்துகொண்டே இருக்கும். இருபத்தாறு வயதில் ஒருவர் பன்னிரண்டு பேரை வழிநடத்துவார். வளர்ச்சி ஐந்து சதவீதத்துக்கு இறங்கியதும் அந்த இடங்கள் ஒரே நாளில் உறைந்துபோகின்றன. திறமை நேற்று இருந்ததைவிடக் குறைந்துவிடவில்லை, ஆனாலும் அடுத்த டைட்டிலுக்கு முன்பு ஒன்றரை ஆண்டு என்றால் இப்போது நான்கு ஆண்டு. வளர்ச்சியின்போது எல்லோரும் மேலே போனதைத் தன் தனித் திறமை என்று எடுத்துக்கொண்டவர்களுக்கு இந்தக் கட்டம் மிகவும் வலிக்கும்.

சில நேரம் உறைவதோடு நிற்பதில்லை. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் ஊழியர்கள் 2019 இறுதியில் சுமார் 45,000; 2022 இறுதியில் சுமார் 86,000. அந்த 2022 நவம்பரில்தான் 11,000-க்கும் மேற்பட்டோரை நீக்குவதாக அறிவித்தார்கள். பெருந்தொற்றுக் காலத்து இணைய வளர்ச்சி நிரந்தரமானது என்று தான் போட்ட கணக்கு தவறிவிட்டது என்று மார்க் சக்கர்பெர்க் எழுதினார். 2023 மார்ச்சில் மேலும் 10,000 பேர். ஜூம் நிறுவனமும் 2023 பிப்ரவரியில் 1,300 பேரை, அதாவது ஊழியர்களில் 15 சதவீதத்தினரை நீக்கியது. இரண்டே ஆண்டுகளில் மூன்று மடங்காக வளர்ந்ததைச் சுட்டிக்காட்டிய அதன் தலைவர் எரிக் யுவான் தன் சம்பளத்தை 98 சதவீதம் குறைத்துக்கொண்டார். வேலையை இழந்தவர்களில் பலர் எந்தப் பிழையும் செய்யாதவர்கள்; வளைகோடு மேலேயே போகும் என்று நம்பிய ஆண்டில் சேர்க்கப்பட்டவர்கள், அவ்வளவுதான். பழைய ஆட்கள் மட்டும் தப்பினார்கள் என்றும் இல்லை. இருப்பவர்களுக்கோ இன்னொரு கணக்கு காத்திருக்கிறது: ஆட்கள் போனார்கள், அவர்கள் பார்த்த சேவைகள் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆன்-கால் பட்டியல் மறுபடி சுருங்குகிறது.

இப்படியொரு நிறுவனத்தில் சேர நினைப்பவர், நேர்காணலின் கடைசியில் 'உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா' என்று அவர்கள் சொல்லும்போது பண்பாடு, தொலைநோக்கு பற்றிக் கேட்டு அந்த நிமிடங்களை வீணாக்குகிறார். விடை எப்போதும் ஒன்றுதான். சொல்பவரும் மனமாரத்தான் சொல்வார். அதற்குப் பதிலாக எண்களைக் கேட்கலாம். இந்தக் குழுவில் இப்போது எத்தனை பேர், ஓர் ஆண்டு முன்பு எத்தனை பேர்? உங்களுக்கு இந்த ஆண்டில் எத்தனை மேலாளர்கள்? ஆன்-கால் முறை எத்தனை பேருக்கு நடுவே சுற்றுகிறது, போன வாரம் எத்தனை முறை இரவில் எழுப்பியது? புதிதாகச் சேர்ந்தவர் எழுதிய முதல் கோட் புரொடக்‌ஷனுக்குப் போக எத்தனை நாள் ஆனது? பேக்கப்பிலிருந்து தரவைத் திரும்ப எடுத்துக் கடைசியாகச் சோதித்தது எப்போது, சோதித்தவர் யார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு தேதியும் ஒரு பெயரும் உடனே வந்தால், அங்கே யாரோ ஒருவர் வளர்ச்சிக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.